29 டாலர் துப்பாக்கியிடம் படித்த சிக்கனம்

பொருளின் அடக்கவிலையைக் குறைப்பது என் பிழைப்பு. மருத்துவமனைக் கட்டில், சக்கர நாற்காலி, படுத்த படுக்கையாகக் கிடப்பவரைத் தூக்கி உட்காரவைக்கும் சாதனம் இவற்றையெல்லாம் செய்யும் ஒரு நிறுவனத்தில் வடிவமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். புது மாதிரி ஒன்று சந்தைக்குப் போன கையோடு மேலிடத்துக் கேள்வி வந்துவிடும்: இதில் இன்னும் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்? எந்தத் திருகை எடுக்கலாம், எந்த எஃகுக்குப் பதில் பிளாஸ்டிக் வைக்கலாம் என்று பார்ப்பதிலேயே என் பகல் கழிகிறது. இந்த வேலையின் கணக்கைக் கல்லூரியில் படித்தேன். அதன் அறத்தைப் படித்தது, சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்க விவசாயிகளுக்காகச் செய்யப்பட்ட மலிவு விலை இரட்டைக் குழல் துப்பாக்கிகளிடம்.

இதை வெளியே சொல்லக் கூசியிருக்கிறேன். நான் வேட்டைக்காரன் இல்லை. ஒரு பறவையைக்கூடச் சுட்டதில்லை. சுடும் ஆசையும் இல்லை. துப்பாக்கியால் நான் வாழும் அமெரிக்காவில் நடக்கும் சாவுகளைச் செய்தியில் பார்க்கும்போது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பெற்ற யாருக்கும் வரும் நடுக்கம் எனக்கும் வரும். அப்படிப்பட்டவன் பழைய துப்பாக்கியைக் கையில் எடுத்து ஆசையோடு திருப்பித் திருப்பிப் பார்க்கிறான் என்பதை ஊர் நண்பர்களிடம் எப்படிச் சொல்வது? சொல்லத் தெரியாமல் பேசாமலே இருந்தேன். அவற்றிடம் கற்றது இப்போது என் வேலையில், நோயாளிகளின் உடம்பைத் தொடும் முடிவுகளாக மாறியிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் குடியிருப்பது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கே, கனெக்டிகட் ஆற்றை ஒட்டிய பகுதி. அமெரிக்கத் துப்பாக்கித் தொழில் வளர்ந்த மண் இது. ஸ்ப்ரிங்ஃபீல்டில் 1794 முதல் 1968 வரை அரசின் ஆயுதச்சாலை இயங்கியது. இப்போது அது அருங்காட்சியகம். பக்கத்திலேயே சிக்கபீ ஃபால்ஸ். ஜோஷுவா ஸ்டீவன்ஸ் 1864இல் தொடங்கிய துப்பாக்கித் தொழில் வளர்ந்த இடம் அது. தெற்கே கனெக்டிகட் மாநிலத்துக்குள் இறங்கினால் ஹார்ட்ஃபர்டில் கோல்ட், மெரிடனில் பார்க்கர், நியூ ஹேவனில் வின்செஸ்டர் என்று துப்பாக்கி ஆலைகள் இருந்த ஊர்கள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டூல்மேக்கர் ஒருவர், முறையான உரிமத்தோடு பழைய துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கிறார். கடைகளில் கிடைக்காத பாகங்களை அளந்து வரைபடம் போட்டுத்தர ஆள் தேடினார். நான் போனேன். சனிக்கிழமை மாலைகளில் அவருடைய பட்டறையில் உட்காருவது வழக்கமாயிற்று.

அவரிடம் வருபவை பெரும்பாலும் ஏழைத் துப்பாக்கிகள். தாத்தா காலத்தில் தானியக் கொட்டகையின் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நின்றது. முயலும் காட்டு வாத்தும் இரவுச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்தது. கோழிக்கூண்டைச் சுற்றும் பருந்தை விரட்டியது. விற்றால் பெரிய பணம் வராது. ஆனால் பேரன் அதை விற்க வரவில்லை, சரிசெய்யக் கொண்டுவந்திருக்கிறான்.

இந்தத் துப்பாக்கிகளில் இரண்டு வம்சம் உண்டு. முதலாவது, பெரிய பெயர் எடுத்த நிறுவனங்கள் எளியவருக்கென்று இறக்கிய சாதா ரகம். ஃபிலடெல்ஃபியாவின் ஏ.எச். ஃபாக்ஸ் நிறுவனம் 1910இல் ஸ்டெர்லிங்வொர்த் என்ற ரகத்தைக் கொண்டுவந்தது. முந்தைய ஆண்டு தியடோர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப்போனது அதே நிறுவனத்தின் உயர்ரகத் துப்பாக்கி. இரண்டுக்கும் உள்ளே இருந்த பொறி ஒன்றுதான். பார்க்கர் கம்பெனி ட்ரோஜன் ரகத்தைச் செய்தது. நியூ யார்க் மாநிலத்தில் ஃபுல்டன் ஊரிலிருந்த ஹண்டர் ஆர்ம்ஸ், தன் புகழ்பெற்ற எல்.சி. ஸ்மித்துக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயரையே சூட்டி ஃபுல்டன் என்ற மலிவு ரகத்தை வைத்தது. லெஃபெவர் நிறுவனத்தை 1916இல் வாங்கிய இத்தகா நிறுவனம், 1921இல் லெஃபெவர் நைட்ரோ ஸ்பெஷல் என்ற துப்பாக்கியை 29 டாலருக்கு விற்றது.

இரண்டாவது வம்சம் இரும்புக்கடைச் சரக்கு. கனெக்டிகட்டின் நார்விச் ஊரிலிருந்த க்ரெசண்ட் நிறுவனம், மொத்த வியாபாரி எந்தப் பெயர் கேட்டாலும் அந்தப் பெயரைப் பொறித்துக் கொடுத்தது. நிக்கர்பாக்கர் முதலாக நூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள். ஸ்டீவன்ஸும் அப்படியே. தன் துப்பாக்கியையே சியர்ஸின் தபால் விற்பனைக்கு ஒரு பெயரிலும், மாண்ட்கமரி வார்டு நிறுவனத்துக்கு இன்னொரு பெயரிலும் அனுப்பியது. அமெரிக்கக் கிராமங்களுக்குத் துப்பாக்கி தபாலில் போய்ச் சேர்ந்த காலம் அது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்தத் தபால் விற்பனையை நிறுத்தியது. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் வேண்டும் என்றும் சொன்னது. அதற்கு முந்தைய மலிவு ரகங்கள் பலவற்றில் எண்ணே இருக்காது.

ஒரு மாலை பட்டறைக்காரர் ஸ்டீவன்ஸ் 311 ஒன்றை மேசைமேல் வைத்தார். 1931இல் தொடங்கி 1980களின் கடைசிவரை செய்யப்பட்ட மாதிரி. முதலில் குழல்கள் காலியா என்று திறந்து பார்த்து, என்னையும் பார்க்கச் சொன்னார். முன்கைக் கட்டையின் நுனியைப் பிடித்து இழுத்தார். ஸ்ப்ரிங் பிடியிலிருந்து விட்டுக்கொண்டு கையோடு வந்தது. மேலே இருக்கும் நெம்பைப் பெருவிரலால் தள்ளி, குழல்களை மடக்கி, கீலிலிருந்து தூக்கி எடுத்தார். திருப்புளியே தேவைப்படவில்லை. அந்தக் குழல் ஜோடியை அடிக்கொக்கியில் ஒரு விரலால் தொங்கவிட்டு மரக்கட்டையால் மெல்லத் தட்டினார். கோயில் மணியைத் தட்டியதுபோல் நீண்டு ஒலித்தது. இரண்டு குழலுக்கும் நடுவிலுள்ள பற்றவைப்பு எங்காவது விட்டிருந்தால் அந்த ஒலி அடைத்துப்போகும் என்றார்.

பிறகு முன்கைக் கட்டை இல்லாமலே குழல்களைப் பூட்டி என் கையில் கொடுத்தார். "ஆட்டிப் பார். எங்கேயாவது லொடலொடக்கிறதா?" ஆட்டினேன். அசைவில்லை. நெம்பைக் காட்டினார். புதிதில் மூடியபின் அது நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் நிற்கும். பூட்டும் பாகம் தேயத் தேய நடுவுக்கு வந்து, பிறகு இடப்பக்கம் போகும். எத்தனை தலைமுறை உழைத்திருக்கிறது என்பதை அந்த நெம்பே காட்டிவிடும். பல தலைமுறை கண்ட அந்த 311இன் நெம்பு இன்னும் வலப்பக்கம் சாய்ந்தே இருந்தது.

எனக்குள் இருந்த செலவுக் கணக்கன் விழித்துக்கொண்டது அங்கேதான். இதில் எதையெல்லாம் விட்டிருக்கிறார்கள் என்று பட்டியல் போட ஆரம்பித்தேன். செதுக்கு வேலை இல்லை. உயர்ந்த துப்பாக்கியில் கைப்பிடிக் கட்டை கருவரி ஓடிய வால்நட்டாக இருக்கும். இதில் வால்நட் சாயம் பூசிய சாதாரண மரம். பிடி வழுக்காமலிருக்கக் கையால் வெட்டும் கட்டங்களை இங்கே அச்சால் அழுத்தியிருக்கிறார்கள். உடல் பாகத்தின் மேற்பரப்பைக் கடினமாக்க எலும்புக் கரியோடு சுட்டால் நீலமும் பழுப்பும் கலந்து படரும் நிறம் வரும். ஸ்டீவன்ஸ் சயனைடு முறையைக் கையாண்டது. அதில் நிறம் வரிவரியாக விழும். அழகு குறைவு, வேலையும் குறைவு. ஆனால் தேய்மானத்தைத் தாங்கும் மேல்தோல் அதிலும் கிடைத்துவிடுகிறது.

சுட்டபின் காலித் தோட்டாவைத் தானாகத் தெறித்துத் தள்ளும் எஜெக்டர் இல்லை. அதற்கு முன்கைக் கட்டைக்குள் தனியாகச் சின்னக் குதிரைகளும் ஸ்ப்ரிங்குகளும் வேண்டும். இதில் இருப்பது எக்ஸ்ட்ராக்டர் மட்டும். திறந்தால் தோட்டாவைக் கொஞ்சம் மேலே தூக்கித் தரும், விரலால் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒற்றை விசை இல்லை, குழலுக்கொன்றாக இரண்டு. ஒற்றை விசை பார்க்க எளிது, செய்வது கடினம். முதல் வெடியின் உதைப்பில் துப்பாக்கி பின்னே போய்த் திரும்பும்போது, சுடுபவர் அறியாமலே விரல் விசையை மறுபடி அழுத்திவிடும். அடுத்த குழல் அதில் வெடிக்காமல் தடுக்கத் தனிப் பொறி வேண்டும். இரண்டு விசை வைத்தால் அந்தப் பொறியே தேவையில்லை. ஒரு பக்கம் பழுதானாலும் மறுபக்கம் வேலை செய்யும். முன்விசை பொதுவாக வலக்குழலுக்கு, அது ரவையைச் சற்று அகலப் பரப்பும். பின்விசை இடக்குழலுக்கு, அது தூரத்துக்கு. கிட்ட எழும்பும் பறவைக்கு எது, எட்டப் போவதற்கு எது என்று விரலே தேர்ந்துகொள்ளும். விலைக்காகச் செய்த இந்த முடிவு துப்பாக்கியை மட்டமாக்கவில்லை.

மலிவு ரகம் உயர்ரகத்தைவிடத் தேறிய இடமும் உண்டு. எல்.சி. ஸ்மித் சைடுலாக் அமைப்பு கொண்டது. பொறி முழுவதையும் பக்கவாட்டுத் தகட்டில் பொருத்தி, அதற்கேற்ப மரத்தைக் குடைந்து உட்கார்த்துவார்கள். குடைந்த இடத்தில் மரம் மெலிந்துபோகும். அந்தத் தகடுகளுக்குப் பின்னால் கட்டை விரிவது அந்தப் புகழ்பெற்ற துப்பாக்கியின் தெரிந்த நோய். அதே ஆலையின் ஃபுல்டன், பாக்ஸ்லாக். 1875இல் பர்மிங்காமில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தின் ஆன்சன், டீலி என்ற இருவர் காப்புரிமை பெற்ற வழி அது. பொறி உலோக உடலுக்குள்ளேயே அடங்கிவிடும், மரம் பருமனாகவே இருக்கும். தகட்டில் செதுக்க இடம் கிடைக்காது என்பது ஒன்றுதான் குறை. செதுக்கப்போவதில்லை என்று முடிவெடுத்தவர்களுக்கு அது குறையே இல்லை.

விட்டவற்றை எழுதி முடித்ததும் விடாதவற்றை எழுதினேன். கீல் ஆணி. குழலுக்கு அடியிலுள்ள கொக்கி. அதைப் பிடித்துப் பூட்டும் தாழ். தோட்டாவின் முதுகைத் தாங்கும் எஃகுச் சுவர். நெம்பைத் தள்ளித் திறக்கும் ஒவ்வொரு முறையும் தானாகவே பாதுகாப்பு நிலைக்குத் திரும்பும் சேஃப்டி. அந்தத் தானியக்கத்தை எடுத்திருந்தால் பாகங்கள் மிஞ்சியிருக்கும். பண்ணை வீட்டில் அதை எடுப்பது பதினான்கு வயதுப் பையனாக இருக்கலாம் என்று யாரோ ஒரு வடிவமைப்பாளர் நினைத்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றியது. நைட்ரோ ஸ்பெஷலின் விளம்பரங்களும் இதையே பேசின: குழலும் கொக்கியும் ஒரே துண்டாக அடித்து உருவாக்கியவை, சோதனையில் பொறியை 77,000 தடவைக்கு மேல் இயக்கிப் பார்த்தோம், ஒவ்வொரு துப்பாக்கியையும் மிகைப்பளுத் தோட்டா போட்டுச் சோதித்தோம். பூவேலையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

காரணம் எளியது. வெடிமருந்துக்கு விலைச்சீட்டு தெரியாது. 12 கேஜ் என்ற குழல் அளவுக்குரிய வழக்கமான தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை இன்று வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. அந்த அழுத்தம் 29 டாலர் துப்பாக்கிக்குள் எழுந்தாலும் ஆயிரம் டாலர் துப்பாக்கிக்குள் எழுந்தாலும் ஒன்றுதான். இரண்டிலும் சுடுபவரின் கன்னம் அந்தச் சுவருக்கு அதே அளவு பக்கத்தில் இருக்கிறது. கொஞ்சம் பணம் கொடுத்தவருக்குக் கொஞ்சம் எஃகு என்று அங்கே கணக்குப் போட முடியாது.

எல்லா மலிவுத் துப்பாக்கியும் இப்படி நேர்மையானதில்லை. நேர்மாறானவையும் அந்த மேசைக்கு வரும். பெல்ஜியத்திலிருந்து வந்து இறங்கிய சில துப்பாக்கிகளில் டபிள்யூ. ரிச்சர்ட்ஸ் என்ற பெயர் இருக்கும். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்று மயங்க வேண்டுமென்றே வைத்த பெயர். சாதா எஃகுக் குழலின் மேல் பட்டை முறுக்கிச் செய்த குழலில் விழும் டமாஸ்கஸ் அலை வரிகளைப் போலியாக ஏற்றி விற்றதும் நடந்தது. உடல் பாகத்தில் நாயும் பறவையும் உருளை அச்சால் பதித்திருக்கும். திறந்து ஆட்டினால் லொடலொடக்கும். உள்ளே குறைத்து வெளியே பூசிய சரக்கு. நல்லெண்ணத்தோடு செய்து தோற்றதும் உண்டு: 1940களில் ஸ்டீவன்ஸ் சில மாதிரிகளுக்கு டெனைட் என்ற பிளாஸ்டிக்கில் கட்டை செய்தது. காலப்போக்கில் அது வளைந்து, உலோகத்தோடு சேரும் இடத்தில் விரிசல் கண்டது.

பழுதுபார்த்துத் தரும் முன் பட்டறைக்காரர் ஒவ்வொன்றின் தோட்டா அறையையும் அளப்பார். பழைய 16 கேஜ் பலவற்றில் அறையின் நீளம் 2 9/16 அங்குலம். இன்று விற்பது 2 3/4 அங்குலத் தோட்டா. போட்டால் உள்ளே போய்விடும், மூடவும் செய்யும். வெடிக்கும்போது தோட்டாவின் மடிந்த வாய் விரிய இடமின்றிக் குழலின் ஒடுங்கும் பகுதியில் புகும், அழுத்தம் கூடும். அப்படிப்பட்ட துப்பாக்கியையும், இரும்புப் பட்டைகளை முறுக்கிச் செய்த பழைய ட்விஸ்ட் குழல்களையும், "சுவரில் மாட்டி வையுங்கள், சுடாதீர்கள்" என்று சொல்லித்தான் திருப்பிக் கொடுப்பார். வாடிக்கையாளர் முகம் வாடும். அவர் இளகமாட்டார்.

அந்தப் பெரிய பெயர்கள் என்ன ஆயின என்பதும் எனக்குப் பாடம். ஃபாக்ஸ் 1929இல் சாவேஜ் நிறுவனத்துக்குக் கைமாறியது. பார்க்கர் 1934இல் ரெமிங்டனுக்கு. ஹண்டர் ஆர்ம்ஸ் 1945இல் மார்லினுக்கு. இத்தகா 1948இல் இரட்டைக் குழல் செய்வதை நிறுத்தியது. மணிக்கணக்கில் கைவேலை கேட்கும் பொருளை, பொருளாதார வீழ்ச்சியும் போரும் வந்த காலத்தில், இயந்திரத்தில் செய்த பம்ப் துப்பாக்கியோடு போட்டியிட்டு விற்க முடியவில்லை. ஸ்டெர்லிங்வொர்த்தையும் ட்ரோஜனையும் நான் எவ்வளவு மதித்தாலும், அவை உயர்ரகத்தின் அமைப்பைச் சுமந்துகொண்டே மலிவாக முயன்றவை. 1920இல் சாவேஜ் வசம் போன ஸ்டீவன்ஸோ எளிய துப்பாக்கியை எளிய துப்பாக்கியாகவே யோசித்தது. 311 அவை எல்லாவற்றையும்விடப் பல ஆண்டு கூடுதலாக வாழ்ந்தது.

இந்தப் பாடம் என் வேலை மேசைக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். மருத்துவமனைக் கட்டிலின் பக்கத் தடுப்பை நிறுத்தும் தாழில் ஓர் எஃகு ஆணி இருக்கிறது. நோயாளி தூக்கக் கலக்கத்தில் புரளும்போதும், எழுந்திருக்கத் தடுப்பைப் பிடித்துச் சாயும்போதும் பாரம் முழுதும் வந்து நிற்பது அந்த ஆணியில். மலிவு ரகக் கட்டிலுக்கு மட்டும் அதை வார்ப்புப் பிளாஸ்டிக்கில் செய்யலாம் என்று செலவுக் குறைப்புக் கூட்டத்தில் யோசனை வந்தது. சோதனைக் கணக்கும் சாதகமாகவே இருந்தது. நான் மறுத்தேன். மறுப்பை உணர்ச்சியாகச் சொன்னால் எடுபடாது என்று தெரியும். பட்டறையில் போட்ட அந்த இரண்டு பட்டியலைப் போலவே, கட்டிலின் எல்லாப் பாகங்களையும் இரண்டாகப் பிரித்துக் காட்டினேன்: நோயாளியின் உடம்பு நம்பியிருப்பவை, வாங்குபவரின் கண்ணுக்காக இருப்பவை. இரண்டாவது பட்டியலில் குரோம் பூச்சுப் பட்டை, இரண்டு வண்ணச் சின்னம், மோட்டாரை மறைக்கும் வளைந்த உறை, யாரும் தொடாத ஓர் அலங்கார மூடி எல்லாம் இருந்தன. கேட்ட தொகை அங்கேயே கிடைத்தது. ஆணி எஃகாகவே இருக்கிறது.

இப்போது என் குழுவில் சேரும் இளம் பொறியாளர்களிடம் செலவுத்தாளைத் திறக்கும் முன்பே அந்த முதல் பட்டியலை எழுதச் சொல்கிறேன். எழுதியபின் அதில் கைவைக்கக் கூடாது. மிச்சம் பிடிப்பது அதற்கு வெளியே, எவ்வளவு வேண்டுமானாலும், துணிந்து, வெட்கப்படாமல். பூவேலை இல்லாத பொருளைச் செய்வதில் இழிவு ஒன்றுமில்லை. பூவேலையைக் காட்டி உள்ளே குறைப்பதுதான் இழிவு. எங்கள் மலிவு ரகக் கட்டில்கள் போய்ச் சேர்வது பெரும்பாலும் பணமில்லாதவர்கள் படுக்கும் வார்டுகளுக்கு. அங்கே படுப்பவரின் எடை, தனியறையில் படுப்பவரின் எடையைவிடக் குறைந்ததில்லை. விழுந்தால் அவர் எலும்பும் அதேபோலத்தான் முறியும். குறைந்த விலை கொடுப்பவருக்கு நாம் குறைத்துத் தரக்கூடியது அலங்காரத்தை மட்டுமே.